கேப்டன் வானமாமலைக்குச் செயலாளர் வானமாமலை அனுப்பிய நோட்டீஸ்

பந்து நான்கும் கோணலாக இருந்தன. உரித்த தேங்காயை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துவிட்ட மாதிரி. சயான் ஸ்டேஷனில் ரயில் ஏறியது முதல் வானமாமலைக்கு அதே கவலைதான். தைத்தவன் இசக்கி. நல்ல கைவேலைக்காரன், ஆனால் அந்த வாரம் அவனுக்குக் காய்ச்சல். காய்ச்சல் வேகத்தில் உருண்டைப் பந்தை இப்படி ஆக்கித் தொலைத்துவிட்டான், கொண்டுபோய்க் கொடுக்கிற நான்தான் ஏச்சு வாங்கப்போகிறேன் என்று பந்துகளைப் போட்டிருந்த சாக்கை மடியில் வைத்துக்கொண்டு வானமாமலை மருகினான்.

தாராவியில் ஒரு தோல் ஷாப்பில் ஈரத்தோல் சுமக்கிற வேலை அவனுக்கு. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த எருமைத்தோல் வழுக்குகிற வழுக்கலில் மற்றவர்கள் இரண்டு பேராகத் தூக்குவார்கள். வானமாமலை ஒருவனே தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு, இடுக்குச் சந்துகளில் எதிரே வருகிறவர்களை இடிக்காமல் ஓடுவான். அவன் கையிலிருந்து எதுவும் நழுவியதில்லை. 1962 ஜூலையில் அந்தச் சனிக்கிழமை முதலாளி அவனைக் கூப்பிட்டு ஒரே ஒரு பேச்சுதான் சொல்லியிருந்தார்: "ஜஹாங்கீர் சேட் கையில கொடு. வேற எவன் கேட்டாலும் கொடுத்திராத."

பம்பாய்க் கோட்டைப் பக்கத்து மைதானத்துக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது மழை ஊற்றிக்கொண்டிருந்தது. முப்பது ஆட்கள் சேற்றில் கட்டிப் புரண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரன் யார், நம்மாள் யார் என்று தெரியவில்லை. எல்லோரும் சேற்று நிறம். அவர்களுக்கு அந்தப்புறம், மைதானத்தின் கோடியில், கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு ஒரு பார்சிக் கிழவர். அவர்தான் ஜஹாங்கீர் சேட் என்று வேலியோரம் நின்றவன் சொன்னான். ஹார்பர் ரோவர்ஸ் என்கிற ரக்பி கிளப்பின் தலைவர்.

வானமாமலை யோசித்தான். ஒரு பந்தை முதலில் காட்டி மன்னிப்புக் கேட்டுவிடலாம், மீதியைப் பிறகு கொடுக்கலாம். ஒன்றை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சாக்கை முதுகில் போட்டுக்கொண்டு, குறுக்கு வழியில் நேராக நடந்தான்.

பாதி தூரம் போனதும் ஒருத்தன் அவன் இடுப்பைப் பிடிக்கப் பாய்ந்தான். பந்து திருட வருகிறான் என்று வானமாமலை விலகி ஓட ஆரம்பித்தான். இன்னும் மூன்று பேர் துரத்தினார்கள். இருவர் சாக்கைப் பிடித்து இழுக்க, சாக்கு அவர்களோடு போயிற்று. ஒரு தடியன் முன்னால் வந்து நின்றான். சந்தில் எருமை வந்தால் எப்படி ஒதுங்குவானோ அப்படி ஒதுங்கினான். கடைசியில் காலை யாரோ வாரிவிட, அப்படியே வழுக்கிக்கொண்டு போய் ஜஹாங்கீர் சேட்டின் பூட்சுக்கு முன்னால் விழுந்தான். இரண்டு கையாலும் பந்தைத் தரையில் அழுத்தி வைத்து, தனக்குத் தெரிந்த ஹிந்தியில், "சேட், கோணலாயிருச்சு, மன்னிக்கணும்" என்றான்.

விசில் ஊதியது.

ரெபரி ரோஷன் லால் கிட்டப்பார்வைக்காரர். மழை நாளில் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். மைதானத்துக் கோடியில் போட்ட கோட்டுக்கு அந்தப்புறம் பந்தைத் தரையில் வைத்துவிட்டால் அந்த ஆட்டத்தில் மூன்று புள்ளி. ரோஷன் லால் ஹார்பர் ரோவர்ஸுக்கு மூன்று புள்ளி கொடுத்துவிட்டார். எதிர் அணி கத்தியது: இவன் எங்கிருந்து வந்தான், ஆட்டத்துப் பந்து அதோ அங்கே கிடக்கிறதே! "நான் பார்த்தது ஒரு பந்துதான்" என்று ரோஷன் லால் சொல்லிவிட்டார். அவர் பார்த்தது அவ்வளவுதான், அதில் பொய் இல்லை.

அந்த மூன்று புள்ளியில் ஹார்பர் ரோவர்ஸ் ஜெயித்தது. ஜஹாங்கீர் சேட் வானமாமலையின் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "அரே திக்ரா" என்று மகனைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டு, "ரக்பிப் பந்து கோணலாகத்தான் இருக்கும். அடுத்த சனிக்கிழமையும் வா" என்றார்.

சேறும் கிழிந்த சட்டையுமாக வீட்டுக்கு வந்தவனை மனைவி ஆறுமுகத்தாய் வாசலிலேயே நிறுத்தினாள்.

"சண்ட போட்டியளா?"

"இல்லட்டி. வெளையாடுனேன்."

"யாரு செயிச்சா?"

"நாங்கதான்னு சொன்னாவ."

அவள் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து அவன் தலையில் ஊற்றினாள்.

இரண்டு வருஷம் சனிக்கிழமை தவறாமல் ஆடினான். ஜஹாங்கீர் சேட் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த விதிகள் இரண்டே இரண்டு. பந்தை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடலாம். ஆனால் இன்னொருத்தனுக்குப் போடுவதென்றால் பின்னால்தான் போட வேண்டும். இதை ஆறுமுகத்தாயிடம் சொன்னபோது, "முன்னால போறவன் பின்னால இருக்கவன்கிட்ட குடுத்தா ஊரு போய்ச் சேர முடியுமா?" என்று கேட்டாள். பந்தை யாருக்கும் கொடுக்காமலிருந்தால் அந்தக் கேள்வியே எழாது என்று முடிவு செய்துகொண்டான். மழையில் எல்லார் கையிலும் பந்து மீனாகத் துள்ளும். அவன் கையில் மட்டும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதனால் யாரும் அவனைக் குறை சொல்லவில்லை.

1964இல் அவன் கேப்டன் ஆன விதம் வேறு மாதிரி. பழைய கேப்டன் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார். புதிய கேப்டனைத் தேர்ந்தெடுக்க ஜூலை பதினெட்டாம் தேதி மாலை நான்கு மணிக்குக் கிளப்பில் கூட்டம் என்று எல்லோருக்கும் கடிதம் போயிற்று. அன்று காலையிலிருந்து மழை. பன்னிரண்டு மணிக்கு ரயில் நின்றது. ஒரு மணிக்கு பஸ் நின்றது. வானமாமலைக்குக் கடிதத்தைப் படித்துச் சொன்னவன், "கட்டாயம் வரணும்னு போட்டிருக்கு" என்று சொல்லியிருந்தான். கட்டாயம் என்றால் கட்டாயம்தானே. இடுப்பளவு தண்ணீரில் தாராவியிலிருந்து நடந்தே போய்ச் சேர்ந்தான். அங்கே தோட்டக்காரரைத் தவிர ஒருவரும் இல்லை.

ஜஹாங்கீர் சேட் டெலிபோனில் வந்தார். அவர் வீட்டுக்குள்ளேயே தண்ணீர். "எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

"நான் மட்டும்தான் சேட்."

கிளப் விதிப்படி, வந்திருப்பவர்கள் கைதூக்கிக் கேப்டனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேதியைத் தள்ளிப்போட வழியில்லை. "கையைத் தூக்கு" என்றார் சேட். வானமாமலை ஒரு கையில் டெலிபோனைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூக்கினான். தோட்டக்காரர் எண்ணினார். ஒருமனதாகத் தேர்வு என்று மறுநாள் பலகையில் எழுதிப் போட்டார்கள்.

கேப்டனானதும் அவன் செய்த முதல் காரியம், வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போகப் போக விழுந்த காலியிடங்களில் தாராவி ஆட்களைப் போட்டு நிரப்பியது. இசக்கிதான் முதல் ஆள். எல்லோரும் சடுகுடு ஆடி வளர்ந்தவர்கள். எட்டுப் பேர் எட்டுப் பேராகத் தோளோடு தோள் கோத்துக் குனிந்து முட்டுகிற கட்டம் ஒன்று ரக்பியில் உண்டு. அந்தக் கட்டம் வந்தால் ஹார்பர் ரோவர்ஸ் எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு "சடுகுடு சடுகுடு சடுகுடு" என்று பாடிக்கொண்டே தள்ளுவார்கள். எதிரே இருப்பவர்களுக்கு, இது மந்திரமா வசவா என்று யோசிக்கிற நேரத்திலேயே கால் பெயர்ந்துவிடும். ஒரு முறை ரோஷன் லால் ஆட்டத்தை நிறுத்தி, "பிரார்த்தனையை ஆட்டத்துக்கு முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள்" என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

1966 கோப்பைக்கான கடைசி ஆட்டத்துக்குக் கல்கத்தாவிலிருந்து வந்த அணியில் ஆறு பேருக்கு வயிற்றுப்போக்கு. எதிரே ஆளில்லாமல் ஆடி ஜெயிப்பது மரியாதையில்லை என்று வானமாமலை இசக்கி உட்பட ஆறு பேரை அந்தப் பக்கம் அனுப்பினான். "போனது போனதுதான். அவுகளுக்காக உசிரக் குடுத்து ஆடணும், கேட்டியாலே?" என்று கண்டித்துச் சொன்னான். இசக்கி சொன்னபடி செய்தான். கடைசி நிமிஷத்தில் வானமாமலையையே வாரிவிட்டு, அவன் கையிலிருந்த பந்தைப் பிடுங்கி, ஹார்பர் ரோவர்ஸ் கோட்டுக்கு அந்தப்புறம் கொண்டுபோய் வைத்தான். கோப்பை கல்கத்தாவுக்குப் போயிற்று. வானமாமலை கையிலிருந்து பந்து நழுவியது அந்த ஒரு தடவைதான். திரும்பி வரும்போது ரயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "நம்ம பயதான் செயிச்சுக் குடுத்தான்" என்று இசக்கியின் முதுகில் தட்டிச் சொல்லிக்கொண்டு வந்தான்.

வானமாமலை நிர்வாகத்துக்குள் வந்ததற்கு ஒரு இரும்பு அலமாரி காரணம். கிளப்புகளுக்கெல்லாம் மேலே மேற்குக்கரை ரக்பி சங்கம் என்று ஒன்று இருந்தது. அதற்கு ஆபீஸ் என்பது மாட்டுங்காவில் ஒரு மாடியறையும் அதிலிருந்த அலமாரியும். 1967இல் சங்கத்தின் செயலாளர் அலமாரிச் சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு கனடாவுக்குக் குடிபோய்விட்டார். அறையைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் நெருக்கினார். அலமாரியைத் தூக்க ஆள் வேண்டுமென்று ஜஹாங்கீர் சேட் சொல்லியனுப்ப, வானமாமலையும் இசக்கியும் போய்ச் சுமந்தார்கள். வைக்க வேறு இடமில்லாமல் வானமாமலையின் ஒற்றையறை வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். அறையில் கால்வாசியை அது அடைத்துக்கொண்டது. ஆறுமுகத்தாய் அதன் தலையில் உப்பு ஜாடியை வைத்தாள்.

மறுநாள் சுந்தரராமன் வந்து சேர்ந்தார். மாட்டுங்காவில் குடியிருந்த பாலக்காட்டுக்காரர், ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா. பழைய செயலாளருக்கு டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். ஒரு ரக்பி ஆட்டமும் பார்த்ததில்லை, ஆனால் சங்கத்தின் விதிப்புத்தகம் அவருக்கு மனப்பாடம். கையில் சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்பைக் கொண்டுவந்திருந்தார்.

"ஒம்பதாம் விதி, ரெண்டாம் பிரிவு" என்றார். "சங்கத்தோட ரிக்கார்டெல்லாம் யார் பொறுப்பிலே இருக்கோ, அவர்தான் செயலாளர். அலமாரி உங்காத்துல இருக்கு. நீங்கதான் செயலாளராக்கும்."

"எனக்கு இங்கிலீசு தெரியாதே சார்."

"தெரியணும்னு விதியிலே இல்லை."

இப்படியாக அவன் ஹார்பர் ரோவர்ஸ் கேப்டனாகவும் சங்கச் செயலாளராகவும் ஒரே சமயத்தில் ஆனான். சனிக்கிழமை ஆடுவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சுந்தரராமன் வந்து கடிதங்களைத் தமிழில் படித்துச் சொல்வார். இவன் சொல்கிற பதிலை இங்கிலீஷில் டைப் அடித்து, ஸ்டாம்பு குத்தி அனுப்புவார். ஒரு வருஷம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

1968 ஆகஸ்டில் மைதானம் முழுக்க முழங்கால் தண்ணீர் நின்ற நாளில் ஒரு ஆட்டம். ரோஷன் லால் வழக்கம்போலக் கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு, ஆட்டத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தார். மைதானத்து ஓரத்தில் சாக்கடைக் குழியின் மூடி திறந்து கிடந்தது. தண்ணீர் அங்கே மட்டும் சுழித்து இறங்குவதை வானமாமலை பார்த்துவிட்டான். ரோஷன் லாலுக்கும் குழிக்கும் நடுவே நாலடி. இங்கிலீஷில் சொல்ல வார்த்தை வரவில்லை, ஹிந்தியும் வரவில்லை. ஓடிப்போய் அவரை எருமைத்தோல் மாதிரி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு இருபது கஜம் தள்ளிக் கொண்டுபோய் இறக்கினான்.

ரோஷன் லால் குழியைப் பார்க்கவில்லை. அவர் கண்டதெல்லாம், ஒரு கேப்டன் ரெபரியைத் தூக்கிச் சுமந்தான் என்பது மட்டும்தான். விதிப்படி அது பெரிய குற்றம். அன்றைக்கே சங்கச் செயலாளருக்குப் புகார் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை சுந்தரராமன் புகாரைப் படித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "கேப்டனுக்கு நோட்டீஸ் அனுப்பணும்."

"நான்தானே சார் கேப்டன்? படிச்சாச்சுல்லா?"

"படிச்சது செயலாளர். கேப்டனுக்கு ரிஜிஸ்தர் தபால்லே போகணும். பதினாலு நாளைக்குள்ளே பதில் வரணும்."

தபால் வந்தது. தபால்காரர் அனுப்பியவர் பெயரையும் வாங்குபவர் பெயரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று ஆறுமுகத்தாயிடம் கவலையோடு விசாரித்தார். வானமாமலை கையெழுத்துப் போட்டு வாங்கினான். பதில் சொன்னான், சுந்தரராமன் டைப் அடித்தார், அதுவும் ரிஜிஸ்தரில் போய் அதே வீட்டுக்குத் திரும்பி வந்தது. செயலாளருக்குப் பதில் திருப்தியாயில்லை. நேரில் விசாரிப்பது என்று முடிவாயிற்று.

விசாரணை ஞாயிறு காலை பதினோரு மணிக்கு அலமாரி முன்னால் நடந்தது. ஒரு நாற்காலி, எதிரே ஒரு முக்காலி. இடம் மாற வேண்டியதில்லை என்று சுந்தரராமன் சொல்லிப்பார்த்தார். வானமாமலை கேட்கவில்லை. "செயலாளர் நாக்காலியில உக்காந்துக்கிட்டுக் கேப்டன் பதில் சொன்னா நல்லாவா இருக்கும்?"

நாற்காலியில் உட்கார்ந்தான். "ரெபரியத் தூக்குனது நெசமா?"

எழுந்து முக்காலிக்கு வந்தான். "நெசந்தான்."

நாற்காலி. "எதுக்குத் தூக்குனீரு?"

முக்காலி. "சாக்கட தொறந்து கெடந்துது. விழுந்திருப்பாரு."

நாற்காலி. "மறுநா போய்ப் பாத்தாச்சு. மூடி போட்டுல்லா இருக்கு?"

முக்காலி. "அன்னைக்குத் தொறந்துதான் கெடந்துது. இசக்கி பாத்தான்."

சுந்தரராமன் எழுதுவதை நிறுத்தினார். "இசக்கி உங்க டீமாக்கும். அவன் சாட்சி எடுபடாது."

வானமாமலை நாற்காலிக்குப் போனான். "வேற யாரு பாத்தா?"

முக்காலிக்குத் திரும்பினான். அடுப்படியில் ஆறுமுகத்தாய் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அவன் எதிரே இருந்த வெறும் நாற்காலியைப் பார்த்து, "ஏன், நீங்களுந்தானே பாத்திய?" என்றான்.

சுந்தரராமன் பக்கம் பக்கமாகப் புரட்டினார். இந்தக் கேள்விக்கு விதிப்புத்தகத்தில் ஒன்றும் இல்லை. வானமாமலை எழுந்து, நாற்காலியில் போய் உட்கார்ந்து, வேட்டியைச் சரி செய்துகொண்டான்.

"செயலாளர் அன்னைக்கு மைதானத்துல இல்ல" என்றான். "கேப்டன்தான் இருந்தாரு."

"இது என்ன கூத்து!" ஆறுமுகத்தாய் வந்து நடுவில் நின்றாள். "நீங்க செஞ்சது நல்லதுன்னு ஒங்களுக்கே தெரியும். பொறவு எதுக்கு வெசாரண?"

"எனக்குத் தெரியும்ட்டி. சங்கத்துக்குத் தெரியாதே."

"சங்கம் யாரு?"

அவன் அலமாரியைக் காட்டினான். அவள் அதையும் அவனையும் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சொந்த ஆளுக்குச் சலுகை காட்டினான் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது. ஆகவே செயலாளர் கேப்டனுக்கு முழுசாக ஒரு வருஷம் தடை விதித்தார். சுந்தரராமன் ஸ்டாம்பு குத்தினார். அன்று மத்தியானம் வானமாமலை சாப்பிடவில்லை. கோபம் வந்தது; ஆனால் யார் மேல் என்று திருப்பிவிடத் தெரியவில்லை. சவரக் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் படுத்தான்.

கேப்டன் மேல்முறையீடு செய்தார். அதை விசாரிக்க வேண்டியவர் ஜஹாங்கீர் சேட். செயலாளரின் குறிப்போடு போக வேண்டும் என்பதால், "தடையைக் குறைக்கச் சங்கத்துக்குச் சம்மதமில்லை" என்று வானமாமலை எழுதச் சொன்னான். சேட் அதைப் படித்து முதலில் வயிறு குலுங்கச் சிரித்தார். எதிரே நின்றவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"உனக்கு என்ன வேணும், திக்ரா?"

"கேப்டனுக்கு ஆடணும் சேட். செயலாளர் ஒத்துக்கிட மாட்டான்."

"யார் சொல்வது நியாயம்?"

வானமாமலை தலையைக் குனிந்துகொண்டு, "ரெண்டு பேரும்தான் சேட்" என்றான். சேட் அவன் தோளைத் தொட்டார். செயலாளரை மீறி நடக்கத் தனக்கு மனமில்லை என்று மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டார்.

அந்த ஒரு வருஷத்தில் செயலாளராக அவன் செய்த வேலை கொஞ்சநஞ்சமில்லை. ஆட்டம் நடக்கிற மைதானங்களில் சாக்கடை மூடிகளுக்குச் சங்கிலி போட வைத்தான். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்புக் கொடி நட்டான். ஆண்டாப் ஹில்லில் இரண்டு, செம்பூரில் ஒன்று என்று மூன்று புதிய கிளப்புகளைச் சேர்த்தான். மழை நாளில் ரெபரிகள் கண்ணாடியைக் கயிறு கட்டிப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று விதி கொண்டுவந்தான். ரோஷன் லால் கயிறு கட்டிய கண்ணாடியோடு நடத்திய முதல் ஆட்டத்தில் எழுபத்திரண்டு தடவை விசில் ஊதினார். இவ்வளவு அக்கிரமம் இத்தனை வருஷமாக நடந்திருக்கிறதா என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இடைவேளையில் ஓரத்துச் சாக்கடையையும் சிவப்புக் கொடியையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், நேரே வானமாமலையிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

"தீர்ப்புச் சொன்னப்புறம் வாபஸ் வாங்க விதியிலே எடமில்லை" என்றார் சுந்தரராமன்.

1969இல் தடை முடிந்த வாரம் இசக்கி வீட்டுக்கு வந்தான். இப்போது அவன்தான் கேப்டன்.

"அண்ணே, வருசம் முடிஞ்சிட்டுல்லா. சனிக்கெழம ஆட வாரியளா?"

வானமாமலை கடிதக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். "தட முடிஞ்ச ஆளு சேத்துக்கிடச் சொல்லிச் சங்கத்துக்கு எழுதிக் கேக்கணும்லே. அதான் விதி."

"அப்ப எழுதிப் போடுங்க அண்ணே."

"நான் எப்படிப் போட? நான் செயலாளர்லா. அவன் கேக்கணும்."

இசக்கி தலையைச் சொறிந்தான். "அவருந்தான் நீங்க…"

"அவன் கேட்டா இப்பவே சீல் குத்திக் குடுத்திருவேன்" என்றான் வானமாமலை. "கேக்க மாட்டான்லே. எனக்குத் தெரியும். ரோசக்காரன்."

இசக்கி ஆறுமுகத்தாயைப் பார்த்தான். அவள் காப்பித் தம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாதே என்று கண்ணைக் காட்டினாள். ஆண்டாப் ஹில் கிளப்புகள் இரண்டும் பச்சைச் சட்டையே எடுத்துவிட்டு, யார் மாற்றிக்கொள்வது என்று மூன்று நாளாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. வானமாமலை குடையை எடுத்துக்கொண்டு அதைத் தீர்த்துவைக்க பஸ் பிடிக்கப் போனான்.